கத்தரிப்பூ நிறத் தகட்டைப் பார்க்க பிரெடெரிசியாவிலிருந்து ஒரு பயணம்

என் மகளின் மகள் அபிரா பி.எச்.டி. என்கிற கலாநிதிப் பட்டத்துக்குப் படித்தவள். டென்மார்க்கில் அந்தப் பட்டத்தின் கடைசிப் பரீட்சையைக் பொதுமக்கள் முன்னால்தான் நடத்துவார்கள். யாரும் போய் இருந்து பார்க்கலாம், கட்டணம் இல்லை. நமக்கு என்ன விளங்கும் என்று வீட்டிலேயே நின்றுவிடுகிற எங்கள் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற நானே போய்வந்தேன்.

சென்ற மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. நாங்கள் இருக்கும் பிரெடெரிசியாவில் காலை எட்டு மணிக்கு ரயில். கோபன்ஹேகன் ஏறக்குறைய இருநூற்றிருபது கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம். முன்கூட்டியே எடுத்ததால் சீட்டு நூற்றைம்பது குரோனர்தான். கடலுக்கடியில் ரயில் போகும்போது காது அடைக்கும், பயப்பட வேண்டாம். எனக்கு முழங்கால் உளைந்தது, தைலம் பூசிக்கொண்டேன்.

மகள் சுகந்தியின் மடியில் ஒரு பெட்டி பற்றிஸ், உள்ளே கிழங்குக் கறி வைத்துப் பொரித்தது. பரீட்சை முடிந்ததும் வந்தவர்களுக்கு வீட்டார் சாப்பாடு கொடுப்பது இங்கே வழக்கம்.

"முடிவு தெரிய முதலே பொரிச்சுக் கொண்டு போறம். பிள்ளை பிழைவிட்டால்?" என்று கேட்டேன்.

"நாங்களே தின்னுறது," என்றாள். ஆனால் அவளும் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.

கோபன்ஹேகனில் வடக்கே போகும் உள்ளூர் ரயில் இருபது நிமிடம், பிறகு பல்கலைக்கழகத்துக்கு பஸ். மண்டபத்துக்கு முந்திப் போய்விட்டோம், அபிரா அங்கே நின்றாள். மேசையில் நகமளவு தகடு ஒன்று கத்தரிப்பூ நிறத்தில் மின்னியது. அதன்மேல் பூசியிருப்பது பிளாஸ்டிக்காம், தலைமயிரின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்பு. நன்றாகப் பார்க்கலாமென்று கையைக் கிட்டக் கொண்டுபோனேன். தகடு மெல்ல நீலமானது.

"அம்மம்மா, கையில என்ன?" என்றாள் அபிரா.

"தைலம், பிள்ளை."

"அதின்ர ஆவியைக் குடிச்சுப் போட்டுது. கையை எடுங்கோ."

எடுத்தேன். நீலம் திரும்பவும் கத்தரிப்பூவானது. 

"பிளாஸ்டிக்குக்குள்ள நீளமான இழையள் இருக்கு," என்றாள். "காய்ஞ்ச இடியப்பம் மாதிரி இறுகிப்போய், அசையாது. ஆவி உள்ள போனா ஊதும், அதாலதான் நிறம் மாறுறது. இழையளும் இளகி ஒண்டையொண்டு விலத்திக்கொண்டு ஓடத் தொடங்கும். எவ்வளவு ஆவிக்கு எவ்வளவு வேகம் எண்டதுதான் என்ர படிப்பு."

"மூண்டு வருஷமா இதுவோ?"

"ஓம், இதுதான்."

எத்தனை ஆயிரம் இடியப்பம் அவித்திருப்பேன். ஒரு நாளும் அப்படி யோசித்ததில்லை.

அபிரா முக்கால் மணித்தியாலம் ஆங்கிலத்தில் பேசினாள். இடைவேளைக்குப் பிறகு மூன்று பேராசிரியர்கள் கேள்வி கேட்டார்கள். சுகந்தி என் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் கேட்டார்: மேலே இருக்கும் இழையும், அடியில் தகட்டோடு ஒட்டிக் கிடக்கும் இழையும் ஒரே வேகத்திலா ஓடுகின்றன?

 மண்டபமே அபிராவைப் பார்த்தது. அவள் ஏதோ சொன்னாள். சுகந்தியின் கை என் கையை இறுக்கியது.

"என்னவாம்?"

"தெரியாதாம், அம்மா."

 நான் படித்த பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்கு அடி விழும். பிறகு கடையில், ஆஸ்பத்திரியில், கொமூனா என்கிற நகரசபையில், எங்கேயும் நான் அதைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். அவள் நிமிர்ந்து நின்றாள். "நான் அளந்தது முழுப் படலத்தையும் சேர்த்து. அடியை மட்டும் இன்னும் அளக்கவில்லை," என்று சொல்லி, எப்படி அளக்கலாம் என்று பலகையில் வரைந்தாள். தாடிக்காரர் எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். அவரும் ஒரு கோடு போட்டார். இருவரும் எங்களை மறந்துபோனார்கள்.

மூவரும் வெளியே போய்த் திரும்பி வந்து, அபிரா சித்தி, தேறிவிட்டாள் என்று அறிவித்தார்கள். பற்றிஸ் பத்து நிமிடத்தில் முடிந்தது.

போகிறவர்களுக்கு: கால் மணித்தியாலம் முந்திப் போங்கள், தொடங்கினால் கதவைச் சாத்திவிடுவார்கள். ரயில் சீட்டை ஒரு மாதம் முன்பே எடுத்தால் மலிவு. சாப்பாட்டைத் துணிந்து செய்துகொண்டு போங்கள். பின்வரிசையில் ஒளிந்திராமல் முன்னுக்கு இருங்கள். பாடம் விளங்காது. பிள்ளை எப்படி நிற்கிறாள் என்பது விளங்கும்.