பன்னிரண்டில் பத்து

ஒஸீலியா ஆர்சனோ பதினொன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். லூசியானாவின் தென்மேற்கு மூலையில் ஒரு முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாகச் சலவை வேலை. ஐம்பத்து மூன்று வயதாகிறது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் ஜூரி விசாரணை உரிமையைத் தரும் அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்தைக் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். அதை அவள் தேடிப் போகவில்லை. தம்பி குளோவிஸ் சிறைக்குப் போன வருடம் அது உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

1996இல், பெட்ரோல் பங்க் கொலை ஒன்றில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வயது இருபத்திரண்டு. பொதுமக்களிலிருந்து எடுத்த பன்னிரண்டு ஜூரிகளில் பத்துப் பேர் ஒத்துக்கொண்டால் போதும் என்பது அந்த மாநிலத்துச் சட்டம். எத்தனை பேர் ஒத்துக்கொண்டார்கள் என்று அவன் வக்கீல் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. தீர்ப்பு நகலில் 'குற்றவாளி' என்ற சொல் மட்டும் இருந்தது.

2020 ஏப்ரலில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. பன்னிரண்டு பேரும் ஒருமனதாகச் சொன்னால்தான் தண்டனை. ஒஸீலியா தீர்ப்பை நூலகத்தில் அச்செடுத்து வந்து, சலவை இயந்திரம் சுற்றும் நேரத்திலெல்லாம் படித்தாள். பக்க ஓரங்களில் சோப்புத் தண்ணீர்க் கறை.

"இன்னிக்கு எந்தப் பக்கம், வக்கீலம்மா?" கூட வேலை செய்யும் டெஸ்ஸி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"1898. கறுப்பு ஆளுங்க ஜூரியில உக்காரக் கூடாதுன்னு வெளிப்படையா எழுத முடியாதுல்ல? அதனால உக்காரட்டும், ஆனா அவங்க சொல்றது எடுபடக் கூடாதுன்னு எழுதுனாங்க. அப்போ ஒம்போது பேர் போதும். எழுபதுகள்லதான் பத்துன்னு மாத்துனாங்க."

"ஒரு ஆளு கூட்டிக் குடுத்தாங்களாக்கும். ரொம்பப் பெரிய மனசு." டெஸ்ஸி வாயில் சோற்றோடு சிரித்தாள். "அப்ப உன் தம்பி வெளிய வர வேண்டியதுதானே?"

"பழைய வழக்குக்கும் இது பொருந்துமான்னு கோர்ட்டு இன்னும் சொல்லலடி. அதுக்குள்ள மனு போட்டு வைக்கணும். ஒரு வருஷம்தான் கெடு."

மனுவை குளோவிஸே சிறை நூலகத்தில் உட்கார்ந்து எழுதினான். கையெழுத்துப் போட்டு அக்காவுக்கு அனுப்பிவைத்தான். ஓரிடம் மட்டும் காலி. எத்தனைக்கு எத்தனை என்ற இடம்.

"ஓஸி, அந்த எண்ணு இல்லாம மத்ததெல்லாம் வெறும் காகிதம்," என்றான் போனில். கோவிட்டால் நேரில் பார்ப்பது நின்று ஒரு வருடமாகியிருந்தது. "ரெண்டு பேர் வேணாம், ஒரு ஆள் குற்றவாளி இல்லன்னு எழுதியிருந்தாக்கூடப் போதும். ரூமுக்குள்ள என்ன பேசினாங்க, யாரு அழுதாங்கங்கறத கோர்ட்டு கேக்காது. எண்ணு மட்டும்தான்."

நீதிமன்றத்தில் ஜூரிகளின் வாக்குச்சீட்டு எதுவும் மிஞ்சவில்லை. போன ஆகஸ்ட் புயலில் கீழ்த்தளத்துக்குத் தண்ணீர் வந்து, பெட்டிகள் கூழாகிப் போனதாகச் சொன்னார்கள். பெயர்ப்பட்டியல் மட்டும் குளோவிஸின் பழைய கோப்பில் இருந்தது. ஒஸீலியா ஒவ்வொரு பெயராகத் தேடினாள். ஐந்து பேர் இறந்திருந்தார்கள். மூன்று பேர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். மூன்று பேர் கதவைச் சாத்தினார்கள். கடைசிப் பெயர் லியாண்டர் மெட்வாயே. ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர், கறுப்பர். கெடு முடிய மூன்று நாள் இருந்தது.

அவர் கொட்டகையில் ஒரு தொட்டி நிறைய நண்டிறாலைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒஸீலியா பெயரைச் சொன்னதும் குழாயை மூடினார்.

"அந்தப் பையனோட அக்கா. வருவீங்கன்னு தெரியும், மிஸ் ஒஸீலியா. இருபத்தஞ்சு வருஷம் ஆக்குவீங்கன்னு நெனைக்கல."

"உள்ள என்ன நடந்துச்சு, மிஸ்டர் லியாண்டர்?"

"நானும் எங்கூட ஜூரியில இருந்த மிஸ் ஹேட்டியும் குற்றவாளி இல்லன்னோம். இருட்டுல, அவ்வளவு தூரத்துலருந்து மூஞ்சியப் பாத்தேன்னான் அந்த சாட்சி. நாங்க நம்பல. ஒரு மணி நேரம் வாதாடினோம். அப்புறம் தயங்கினவங்களும் அந்தப் பக்கம் போயி, அவங்களுக்குப் பத்து சேந்துடுச்சு."

"சேந்ததும்?"

"பேச்சு நின்னுபோச்சு. ஜூரித் தலைவரா இருந்தவர் இன்சூரன்ஸ் விக்கிறவர். 'இனிமே உங்க ரெண்டு பேர் ஓட்டு தேவையில்ல, என்ன எழுதினாலும் ஒண்ணுதான்'னார். மரியாதையாத்தான் சொன்னார். காபிகூட ஊத்திக் குடுத்தார்."

ஒஸீலியா பையிலிருந்து மனுவை எடுத்தாள். பத்துக்கு இரண்டு. "அப்ப நீங்க சீட்டுல இல்லன்னு எழுதுனீங்க."

அவர் தொட்டியைப் பார்த்தார். ஒரு நண்டிறால் விளிம்பேறி விழுந்தது.

"குற்றவாளின்னு எழுதினேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"ஒண்ணுதான்னு சொல்லிட்டாரே. அந்தப் பத்து பேரோட புள்ளைங்கதான் என் பஸ்ஸுல வந்தாங்க. எண்ணப்படாத ஓட்டுக்கு எதுக்குப் பொழப்பக் கெடுத்துக்கணும்னு தோணிச்சு. மிஸ் ஹேட்டி என் சீட்ட எட்டிப் பாத்தாங்க. பாத்துட்டு அவங்களும் அதையே எழுதினாங்க. அவங்க போயி ஆறு வருஷமாச்சு."

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இரண்டு பேரின் வாயை அடைக்க எழுதிய சட்டம், அடைத்ததற்கான தடயத்தையும் அந்த இரண்டு பேர் கையாலேயே அழித்துவிட்டது. ஒஸீலியா கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்தாள். இதை நீதிபதியிடம் சொன்னால் கேட்பாரா? கேட்க மாட்டார். ரூமுக்குள் நடந்தது. எண் மட்டும்தான்.

"சீட்டெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சு," என்றாள். அதைச் சொல்லப்போவது வாயிலிருந்து வரும்வரை அவளுக்கே தெரியாது.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாயால இல்லன்னீங்கதானே?"

"சொன்னேன்."

"அது பொய்யில்லையே."

"கையத் தூக்கி சத்தியம் பண்ணச் சொல்வாங்க, மிஸ் ஒஸீலியா."

"அன்னிக்கும் கையத் தூக்கி சத்தியம் பண்ணிட்டுத்தான் உள்ள போனீங்க."

சொன்ன பிறகு அவளுக்கே கூசியது. திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் நோட்டரி அலுவலகத்தில் லியாண்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். 'இறுதி வாக்கில் நான் குற்றவாளி அல்ல என்று எழுதினேன்' என்ற வரியை நோட்டரி வாசித்தபோது அவர் வலது கை தோள்வரைதான் எழும்பியது. இன்னும் கொஞ்சம் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். ஒஸீலியா காலியிடத்தில் 10–2 என்று எழுதி, கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நான்கு வாரம். மே பதினேழாம் தேதி அதே உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒருமனதான தீர்ப்பு என்ற விதி, முன்பே முடிந்துபோன வழக்குகளுக்குப் பின்னோக்கிப் பொருந்தாது. சலவை அறையில் ஒஸீலியா அதை முழுக்கப் படித்தாள். டெஸ்ஸி எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. ஒஸீலியாவின் பங்குத் துணியையும் சேர்த்து மடித்து வைத்தாள்.

சாயங்காலம் குளோவிஸ் கூப்பிட்டான்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"மாநிலம் இஷ்டப்பட்டா தானாக் குடுக்கலாம்னு ஒரு வரி போட்டிருக்காங்க."

"குடுக்குமா?"

"1898லருந்து குடுக்காதவங்க, ஓஸி." சிரித்தான். அவனுக்குப் பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு அவன் குரல் தாழ்ந்தது. "ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. இத்தன வருஷம் அந்த ரூமுல ஒருத்தரும் என்ன நம்பலன்னு நெனச்சுத்தான் படுத்தேன். ரெண்டு பேர் கடைசி வரைக்கும் அசையாம நின்னிருக்காங்க. மனு போனாப் போகுது. அந்தப் பெரியவருக்கு ஒரு கார்டு வாங்கி அனுப்பு. நான் சொல்றத அப்படியே எழுது."

அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். சிறை போனில் கொடுக்கும் பதினைந்து நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்தது. அவர்கள் அப்படி நிற்கவில்லை என்று சொல்ல அவளுக்குப் பதினைந்து நிமிடமும் இருந்தது.

கார்டைத் தபாலில் போட மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை லியாண்டர் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, உதடு அசைய வாசித்தார். 'நீங்கள் மாறாமல் நின்றதற்கு' என்ற இடத்தில் உதடு நின்றது.

"இத நான் வச்சுக்க முடியாது."

"எனக்கும் வைக்க எடமில்ல, மிஸ்டர் லியாண்டர்."

அவர் கார்டை உறையில் போட்டு இருவருக்கும் நடுவில் மேசைமேல் வைத்தார். ஒஸீலியா எழுந்து போகவில்லை. அவர் இருக்கச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை.