வெயிலம்மாளும் ஊசியும்

எப்போதும்வென்றான் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் வெயிலம்மாள் என்றொரு சம்சாரி. புருஷன் இறந்த பிறகு ஒற்றை மகள் பத்திரகாளியை வைத்துக்கொண்டு தனியாளாகப் பருத்தியும் கம்பும் போட்டு எடுத்தவள். பாம்புக்கும் பயப்படமாட்டாள், ஊசிக்குப் பயப்படுவாள்.

அதற்குக் காரணம் இருந்தது. எமர்ஜென்சி சமயத்தில் காலரா ஊசி போடவென்று சொல்லி ஊருக்குள் ஒரு ஜீப் வந்தது. அவள் தம்பி செண்பகராஜும் ஏறிப் போனான். கல்யாணத்துக்குப் பரிசம் போட்டிருந்த நேரம். ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. சாயங்காலம் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தான். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து அனுப்பியிருந்தார்கள். பெண் வீட்டார் பரிசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஊரில் தலைகாட்ட முடியாமல் அவன் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டான்.

அன்று முதல் வெயிலம்மாளுக்கு எல்லா ஊசியும் ஒரே ஊசிதான். எந்த நோயின் பேரைச் சொல்லி வந்தாலும் உள்ளே இருப்பது வம்சத்தை அறுக்கும் மருந்து. அவள் பேச்சைக் கேட்டு, ஊசி போட நர்ஸ் வந்தால் கைப்பிள்ளைக்காரிகள் பருத்திக்காட்டுக்குள் ஒளிந்தார்கள். கிருமி, தடுப்பு என்று யாராவது விளக்க வந்தால், "எந்தம்பிய நான் கண்ணால பாத்தேன். நீ சொல்லுத கிருமிய எவன் பாத்தான்?" என்பாள்.

எமர்ஜென்சி முடிந்து சில வருஷங்கள் கழித்து, ஒரு சித்திரை மாதம், வெறிநாய் ஒன்று ஊருக்குள் புகுந்து பத்திரகாளியின் கெண்டைக்காலைக் கவ்வியது. அதே ஓட்டத்தில் பக்கத்து வீட்டுப் பெருமாள்சாமியின் கன்றையும் கடித்தது. நாய்க்கடிக்கு மருந்து கொடுக்கிறவர் வந்து இரண்டுக்கும் பச்சிலைச் சாறு புகட்டினார்.

விஷயம் தெரிந்து நர்ஸ் எஸ்தர்ராணி வந்தாள். அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது; செண்பகராஜின் கதை அதற்குள் அவள் காதுக்கும் வந்திருந்தது. வெயிலம்மாள் அரிவாளோடு வாசலை மறித்து நின்றாள்.

"யக்கா, வெறிநாய் விஷம் தலைக்கு ஏறிட்டுன்னா ஆண்டவராலயும் காப்பாத்த முடியாது. தொப்புளச் சுத்தி ஊசி போடணும். இன்னைக்கே கோவில்பட்டிக்குக் கொண்டு போயிருவோம்."

"தொப்புளச் சுத்தியா? கர்ப்பப்பைக்குப் பக்கத்துலயே குத்தப் பாக்கியளோ? படி ஏறுனா வெட்டிருவேன்."

எஸ்தர்ராணி படியேறவில்லை. அரிவாளைப் பார்த்தபடி சொன்னாள்: "ஒங்க தம்பிய ஏமாத்தித்தான் கூட்டிட்டுப் போனாவ. அது பாவம். நாங்க பொய் சொன்னோம், இல்லைங்கல. ஆனா இந்தப் பிள்ளை செத்துரும்க்கா."

அத்தனை வருஷத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி அதை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஆனாலும் வெயிலம்மாள் வழி விடவில்லை.

சேதி கேட்டு மத்தியான பஸ்ஸில் செண்பகராஜ் வந்து இறங்கினான். அக்காவை விலக்கிவிட்டு உள்ளே போய்ப் பத்திரகாளியைத் தூக்கித் தோளில் போட்டான்.

"ஏலே, ஒன்னையச் சீரழிச்சவன்கிட்டயே இவளையும் குடுக்கியா?"

"என்னைய வெட்டுனதுக்கு இவ ஏன்க்கா சாகணும்?"

கையில் பிடித்த அரிவாளோடேயே அவளும் பின்னால் ஓடினாள். பஸ் வாசலில் கண்டக்டர்தான் அதை வாங்கி ஸீட்டுக்கு அடியில் போட்டார்.

தம்பியின் குடிசையில் தங்கி நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் பிள்ளை அலறும்போது வெயிலம்மாள் காளிக்கு நேர்ந்துகொண்டாள்.

ஊர் திரும்பிய சில நாளில் கன்று வாயில் நுரை தள்ளிக் கட்டுத்தறியை முட்டி முட்டிச் செத்தது. அதைப் பார்த்தவளுக்குத் தூக்கம் போனது. வெறி ஏறினால் தண்ணீர் இறங்காது என்பார்கள்; விடிந்ததும் மகள் கையில் சொம்புத் தண்ணீரைக் கொடுத்து, "குடிட்டி" என்பாள். தொண்டை ஏறி இறங்கும் வரை இவளுக்கு மூச்சு வராது. மகள் ஒருநாள் புரையேறி இருமியபோது தெருவே கூடும்படி கத்திவிட்டாள். சித்திரை போய் ஆடியும் போனது. பத்திரகாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இப்பவாவது ஊசிய நம்புதியாக்கா?" என்று பெருமாள்சாமி கேட்டதற்கு, "காளி காப்பாத்துனா" என்றாள். அவளுக்குள் வேறொரு பயம் மிச்சமிருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, மாதம் பிறந்தால், முழுகாமல் இருக்கிறாளா என்று ஆள்விட்டு விசாரிப்பாள். இரண்டாம் வருஷம் பேரன் பிறந்த சேதி வந்த அன்று கம்பங்கொல்லையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மகள் பிள்ளையோடு வந்திருந்தபோது, பேரனுக்குத் தடுப்பூசி போட ஊருக்குப் புது நர்ஸ் வந்தாள். வெயிலம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். எஸ்தர்ராணி கடம்பூருக்கு மாற்றலாகிப் போயிருந்தாள். மறுநாள் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, வெயிலம்மாள் கடம்பூரில் போய் இறங்கினாள்.

"அங்கனயே போடுவாவளே, எல்லாம் ஒரே மருந்துதானே யக்கா?" என்றாள் எஸ்தர்ராணி.

"அது என்ன மருந்தோ, எனக்குத் தெரியாது. நீ போடு" என்று பேரனின் சட்டையைக் கழற்றினாள்.