பெர்த்தாவின் கொசுக் கணக்கு

வடதுருவக் கடலோரத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் பின்னால் இரண்டு மைல் தள்ளி, குட்டையோரமாக நாலு சக்கர வண்டியை நிறுத்திவிட்டு, பெர்த்தா இடது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டுகிறார். கையை நீட்டிக்கொண்டு ஒன்றிலிருந்து நூறு வரை மனத்துக்குள் எண்ணுகிறார். அதற்குள் எத்தனை கொசுக்கள் வந்து உட்காருகின்றனவோ, அதுதான் அன்றைய கணக்கு. ஒன்றையும் அடிக்க மாட்டார். எண்ணி முடித்ததும் ஊதி விரட்டிவிடுவார். "அடிச்சா ரத்த வாசனைக்கு இன்னும் பத்து வரும். அப்புறம் கணக்கு எங்க நிக்கும்?" என்பார். ஒரே நேரத்தில் இரண்டு எண்ணிக்கை குழம்பாதா என்று கேட்டால், "நாலு பிள்ளை வளத்திருக்கேன்" என்று பதில் வரும்.

ஜூலை மாதம் முழுக்கக் காலை பத்து மணிக்கு ஊரில் எல்லா வீட்டு இருவழி ரேடியோவும் அவருக்காகத் திறந்திருக்கும். பேசுவது பெரும்பாலும் தங்கை மகன் ராஸ்கோ. படகுக்காரன், வாய்க்குப் பூட்டில்லாதவன்.

"பெரியம்மா, கை என்ன சொல்லுது?"

"பதினாலு."

"அவ்வளவுதானா? ஒடம்புல ரத்தம் வத்திப்போச்சா?"

"உன் வாய் வத்துற அன்னிக்கு எனக்கும் வத்தும். வை."

முப்பதைத் தாண்டினால் கதை வேறு. உள்நாட்டுப் புல்வெளியில் கரிபு மான்களால் நிற்க முடியாது. கண்ணிலும் மூக்கிலும் மொய்க்கும் கொசுக்களைப் பொறுக்கமாட்டாமல், காற்றைத் தேடி, இரண்டே நாளில் காயலுக்கு அப்பாலுள்ள மணல்திட்டுக்கு ஆயிரக்கணக்கில் வந்து சேரும். படகுகள் அப்போதுதான் கிளம்பும். இருபத்தாறு வருடமாக இந்த ஊர் அவர் கையை நம்பித்தான் வேட்டைக்குப் போகிறது.

பல்கலைக்கழகத்து ஆட்கள் ஒரு முறை கொசு உறிஞ்சும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து அதே குட்டையோரம் வைத்தார்கள். அவர் ஒன்பது என்று சொன்ன நாளில் அது நானூறு பிடித்தது. அந்த வாரம் ஒரு மானும் வரவில்லை. "பறக்குற கொசுவ அது எண்ணுது. கடிக்கிற கொசுவ நான் எண்ணுறேன். மானுக்கு எது முக்கியம்?" என்று கேட்டுவிட்டு, அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அவர் எதிரில் யாரும் கொசுவைத் திட்ட முடியாது. சதுப்புப் புல்வெளியில் விளையும் அக்பிக் பழம் பறிக்கும்போது ராஸ்கோவின் மனைவி ஒரு தடவை வாய்விட்டுச் சபித்தாள். "நீ தின்னுற பழத்துக்கு அப்பன் யாருன்னு நெனச்சே? ஈயும் கொசுவும் பூவுக்குப் பூ போகலேன்னா உனக்கு வெறும் இலைதான்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். மீன் அறுத்தால் அதன் இரைப்பையை நகத்தால் கீறி, உள்ளே இருக்கும் கொசுப்புழுக்களைத் தட்டில் பரப்பிப் பார்க்காமல் விடமாட்டார். இவ்வளவு பேசுகிறவர், தடித்த தேனீ ஒன்று ரீங்கரித்தால் போதும், சட்டையை இறக்கிவிடக்கூட மறந்து வண்டியைக் கிளப்பிவிடுவார்.

இந்த வருடம் ஜூலை முழுக்க வாடைக்காற்று. ஒன்பது, பன்னிரண்டு, பத்து என்றே கணக்கு ஓடியது. அவருடைய கணவர் ஹெர்மன் ஆங்கரேஜ் மருத்துவமனையில் வயிற்றில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்து மூன்று வாரமாகப் படுத்திருந்தார். எதுவும் இறங்கவில்லை. கடையில் வாங்கிய கோழி சூப்பை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்.

"கோழி இந்தத் தண்ணியில கால் கழுவிட்டுப் போயிருக்கு. ஒரு கோப்பை கரிபு சூப் குடு, எழுந்து உக்காருறேன்."

வீட்டு உறைபெட்டி ஜூனிலேயே காலி. ஊரிலும் யாரிடமும் துண்டு இறைச்சி இல்லை. இன்னும் இளைத்தால் மறுபடி விமானத்தில் ஏற்றத்தான் வேண்டும் என்று செவிலி சொல்லிவிட்டாள். ஏறினால் திரும்பமாட்டேன் என்று ஹெர்மனும் சொல்லிவிட்டார்.

ஊரில் பெட்ரோலும் தீரும் நிலையில் இருந்தது. கடலில் பனிக்கட்டி விலகாததால் சரக்குப் படகு வரவில்லை. ராஸ்கோவின் படகு ஒரே ஒரு தடவை போய்வர மட்டும் எண்ணெய் மிச்சம் இருந்தது. அதை வீணாக்கிவிட்டால், மான்கள் உண்மையாகவே வரும்போது ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

புதன்கிழமை காலை இடது கையில் பதினொன்று. பெர்த்தா அன்றுவரை செய்யாத காரியமாக வலது கைச் சட்டையையும் சுருட்டினார். ஒன்பது. வீட்டுக்கு வந்து ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"பெரியம்மா, கை என்ன சொல்லுது? படகு தண்ணியிலதான் நிக்குது. பெரியப்பா எப்படி இருக்காரு?"

முப்பத்தொன்று என்று சொல்லியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். பொய் என்று தெரிந்தேகூடப் போயிருப்பார்கள். பெர்த்தா பொத்தானை அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். அந்தக் கணத்தில் தன் இரண்டு கைகளின் மேலும் அவருக்கு வெறுப்பாக இருந்தது.

"பதினொண்ணு" என்றார்.

ராஸ்கோ கேலி பேசவில்லை. "சரி பெரியம்மா. நாளைக்குப் பாப்போம்" என்றான்.

உள்ளறையில் ஹெர்மனின் தலைமாட்டிலும் ஒரு ரேடியோ உண்டு. அங்கே போய் நிற்க பெர்த்தாவுக்குக் கால் வரவில்லை. அடுப்படியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். கரண்டிச் சத்தம் கேட்டபின்தான் எட்டிப் பார்த்தார்.

ஹெர்மன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காலையில் தள்ளிவைத்த கோழி சூப்பை மடியில் வைத்திருந்தார். முகத்தைச் சுளித்து ஒரு வாய் விழுங்கிவிட்டு, கண்ணைத் திறக்காமலே இரண்டாவது வாய்க்குக் கரண்டியை முக்கினார்.