மீனாம்பிகை கேட்ட உப்பு

மீனாம்பிகை சாவகச்சேரியில் என்னோடு விஞ்ஞானம் படிப்பித்தவள். லித்தியம் பாடம் வந்தால் அவளுக்குத் தனி உற்சாகம். உலோகங்களிலேயே பாரம் குறைந்தது, மண்ணெண்ணெயிலும் மிதக்கும், தண்ணீரில் போட்டால் இரைந்துகொண்டு ஓடும் என்பாள். அதே லித்தியம் சேர்ந்த குளிசையைத் தான் தினமும் விழுங்குவதை மட்டும் சொல்லமாட்டாள். சொன்னால் விசரி, பைத்தியம் என்று ஊர் முத்திரை குத்திவிடும்.

மகள் பிறந்த பிறகு அவள் நித்திரையில்லாமல் நாட்கணக்கில் பாடி, தாலிக்கொடியைக் கழற்றி வழியில் போனவளுக்குக் கொடுத்தவள். அந்தக் குளிசைதான் அவளை வகுப்புக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. உப்பை மட்டும் விடக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். உடம்பில் உப்புக் குறைந்தால் லித்தியம் வெளியேறாமல் தேங்கி நஞ்சாகிவிடும்.

எண்பத்தாறு ஐப்பசியில் மகளுக்குச் சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டார் கடும் கந்தசட்டி விரதக்காரர். "பெட்டையின்ரை தாயும் ஆறு நாளும் உப்பில்லாமல் பிடிப்பா" என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தவள் மீனாம்பிகையின் புருஷனுடைய தமக்கை குணலட்சுமி. குளிசை விஷயம் முழுக்கத் தெரிந்தவள்.

"மச்சாள், எனக்கு உப்பு வேணும். டொக்டர் சொன்னவர்."

"ஏனெண்டு அவை கேட்டால்? விசர்க் குளிசை போடுறன் எண்டு சொல்லுவியோ? உன்ரை பிள்ளை வாழவேண்டாமே?"

புருஷன் தமக்கை சொல்லைத் தட்டாத மனிதர். குளிசையை நிறுத்தினால் கலியாணத்துக்குள் பழைய வருத்தம் வந்துவிடுமோ என்ற பயத்தில், உப்பை விட்ட மீனாம்பிகை அதை விடவில்லை.

ஐந்தாம் நாள் நடந்ததை மகள் அழுதழுது எனக்குச் சொன்னாள். கோயிலில் தாயின் கையும் தலையும் நடுங்கின. கால் தள்ளாடியது, நாக்குக் குழறியது.

"முருகன் வந்திட்டார்!" என்று மாப்பிள்ளையின் தாய் காலில் விழுந்தாள். கற்பூரம் கொளுத்தினார்கள். குணலட்சுமியும் கைகூப்பிக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"முருகா, உனக்கு என்ன வேணும்?"

"உப்பு," என்றாள் மீனாம்பிகை. "உப்பு... உப்பு..."

கடைக்கு ஆள் ஓடியது. கடகம் நிறைய உப்பு வந்தது. அவளுடைய வாயில் ஒரு கல் வைக்கவில்லை. அவ்வளவையும் முருகன் வாசலில் கொட்டினார்கள்.

மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. உயிர் தப்பியது. நடுக்கமும் குழறலும் போகவேயில்லை. கரும்பலகையில் எழுத வெண்கட்டி பிடிக்க ஏலாதவளுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை?

சாமி வந்த குடும்பம் என்று கலியாணம் தடபுடலாக நடந்தது. தாரை வார்க்கும் நேரம் தாய்தான் தண்ணீர் விடவேண்டும். மீனாம்பிகையின் கையில் செம்பு ஆடி, தண்ணீர் மகளின் கூறைச்சேலையில் சிந்தியது.

"விடு, நீ கெடுத்துப்போடுவாய்" என்று செம்பைப் பிடுங்கி, குணலட்சுமி தானே வார்த்தாள்.