தொப்பை போட்ட கோடு

பேட்டைப் பூங்காவில் இருக்கும் கால்பந்து மைதானத்துக்கு மூன்று பக்கமும் நூல் பிடித்த மாதிரி வெள்ளைக் கோடு. நாலாவது பக்கத்துக்கு மட்டும் நடுவில் தொப்பை.

அந்தத் தொப்பையைப் போட்டவர் சுண்ணாம்பு மாமா. பூங்காவுக்குக் காவல், தண்ணீர் விடுவது, புல் வெட்டுவது, கோடு போடுவது எல்லாம் அவர்தான். சுண்ணாம்புத் தூள் நிரப்பிய சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார். பின்னாலேயே கோடு விழும். கூடவே அவர் மீசையிலும் விழும். அதில் நரை எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அத்தையால்தான் முடியும்.

அத்தை என்றால் மாமாவின் மனைவி. பேட்டைக்கே அத்தை. பின்கேட்டை ஒட்டின ஒற்றை அறையில் இரண்டு பேரும் குடியிருக்கிறார்கள். இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு அத்தையின் நடை சுருங்கிப்போயிற்று. கேட்டிலிருந்து மைதானத்து ஓரம் வரை வருவார். அதற்கு மேல் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. அந்த ஓரத்திலோ உட்கார இடமில்லை, கோட்டைத் தாண்டினால் சாக்கடை. மாமா உடைசல் குவியலிலிருந்து ஒரு இரும்பு பெஞ்சை இழுத்து வந்து, கோட்டுக்கு உள்ளே, மைதானத்திலேயே சிமெண்ட் வைத்து நட்டுவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. அவர் வாயைத் திறந்து யாரிடமும் எதையும் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. டீக்கடையில்கூட டீ கேட்க மாட்டார். போய் நிற்பார், அவர்களாகக் கொடுப்பார்கள்.

அடுத்த முறை கோடு போட்டபோது பெஞ்சைச் சுற்றி உள்பக்கமாக வளைத்துப் போட்டார். தொப்பை பிறந்தது அப்படித்தான்.

விளையாடுகிற பயல்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். அப்புறம் அதையே சட்டமாக்கிக்கொண்டார்கள். பெஞ்சுப் பக்கம் பந்து வெளியே போனால், கடைசியாக யார் கால் பட்டது என்று அத்தை சொல்வதுதான் தீர்ப்பு. கோல்கீப்பருக்குப் பெயர் ஓட்டை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவன் ஒருமுறை வாதாடிப் பார்த்தான்.

"அத்தை, என் கால்ல படவே இல்ல."

"உன் கையிலயே படாது, கால்ல எங்கடா படப்போகுது. ஆனா இப்ப பட்டுச்சு. பந்தைக் குடு."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பூங்காவைப் புதுப்பிக்கும் திட்டம் வந்தது. நகர அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் அக்கா டேப்பும் கையுமாக வந்து இறங்கினார். ஊஞ்சலுக்குக் கீழே புது மணல், கூடைப்பந்துக்குப் புதுத் தரை, கால்பந்துக்குச் சரியான அளவில் மைதானம், சுற்றிலும் வேலி, உட்கார எதிர்ப்பக்கத்தில் படிக்கட்டு. பெஞ்ச் பிளானில் இல்லை. ஓடி வருகிறவன் மோதினால் மண்டை உடையும் என்றார். தப்புச் சொல்ல முடியாது. ஓட்டையின் முழங்காலில் அந்த பெஞ்சின் கையெழுத்து இன்னும் இருக்கிறது.

ஆனால் எதிர்ப்பக்கம் வரை அத்தையால் நடக்க முடியாது. மாமா வேலை முடித்து வரும்வரை அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இது மாமாவுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். அன்று மாமா குழம்பில் உப்பில்லை என்றார். உப்பு இருந்தது.

காகிதத்தில் காட்டினால் யாருக்கும் புரியாது என்பது இன்ஜினியர் அக்காவுக்கு அனுபவம். அதனால் ஞாயிற்றுக்கிழமை பேட்டை ஆட்களை வரச்சொல்லி, முளை அடித்து நூல் கட்டி, புது மைதானத்தைத் தரையிலேயே முழு அளவில் போட்டுக் காட்ட ஏற்பாடு. பிடிக்காததை அங்கேயே சொல்லலாம், முளையை நகர்த்திப் பார்க்கலாம். கோடு போட வேண்டியவர் மாமாதான்.

மூன்று பக்கம் ஒழுங்காக முடிந்தது. நாலாவது பக்கம் நூல் பெஞ்சின் மேலேயே போனது. பெஞ்சில் அத்தை, வழக்கம்போல.

"அண்ணே, பெஞ்சுக்கு இந்தப் பக்கம் நிறுத்திட்டு அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பிங்க," என்றார் இன்ஜினியர் அக்கா.

மாமா தலையாட்டினார். வண்டியைத் தள்ளினார். பெஞ்ச் வந்ததும் வண்டி தன்னால் வளைந்து, சுற்றிக்கொண்டு போய், மறுபடி நூலைப் பிடித்தது. கூட்டம் சிரித்தது. மாமா காலால் தேய்த்து அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். திரும்பவும் தொப்பை. இந்த முறை கொஞ்சம் பெரிசு.

"மாமா, வண்டிக்கு லைசென்ஸ் இருக்கா?" என்றான் ஓட்டை. மாமா சிரிக்கவில்லை. அந்தத் தொப்பையையும் காலால் தேய்த்து அழித்தார்.

அத்தை பெஞ்சின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"நான் எந்திரிச்சுட்டேங்க. நேராப் போடுங்க. அந்தப் பொண்ணு வெயில்ல நிக்குது பாருங்க."

மாமா வண்டியை அசைக்கவில்லை. இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

ஓட்டையின் கையிலிருந்த பந்து கீழே விழுந்தது. வழக்கமாக விழுவதுதான், இன்றைக்குக் காரணம் வேறு.

"கேளுங்கண்ணே."

"கேட்டுலேர்ந்து இவ்வளவு தூரம்தான் இவளால நடக்க முடியும். எதிர்ப்பக்கம் முடியாது. இவ உக்கார இங்க ஒரு இடம் வேணும்." நிறுத்தி, வண்டியைப் பார்த்துச் சொன்னார்: "இவ இல்லாம எனக்கு வேலை ஓடாது."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை முந்தானையை எதற்கோ சரிசெய்தார்.

இன்ஜினியர் அக்கா கோட்டைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார். பிறகு வேலிக்கு அடித்திருந்த முளைகளில் இரண்டைப் பிடுங்கி, சாக்கடையின் அந்தக் கரையில் கொண்டுபோய் அடித்தார்.

"கோடு நேராத்தான் போகணும். அதுல என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வேலி இந்த இடத்துல வெளிய வளையட்டும். சாக்கடைக்கு மேல சிமெண்ட் ஸ்லாப் போட்டு மூடிடலாம், பெஞ்ச் அது மேல. கோட்டுக்கும் பெஞ்சுக்கும் நடுவுல போதுமான இடம் இருக்கும். பேட்டைக்குச் சம்மதமா?"

"சம்மதம்," என்றான் ஓட்டை, பேட்டையே தான்தான் என்பது போல.

நாலு பேர் சேர்ந்து சிமெண்டை உடைத்து, பெஞ்சைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். மாமா வண்டியைத் தள்ளினார். பெஞ்ச் இருந்த இடத்தில் பழைய பழக்கத்துக்கு ஒருமுறை தயங்கி, பிறகு நேரே போய்விட்டார்.

அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு தள்ளிப் போட்டா யாரு கால் பட்டுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பாத்துச் சொல்றேன்," என்றார் மாமா.

"நீங்களா? ஒரு நேர்கோடு போட மூணு தடவை ஆச்சு."

மாமா மீசையைத் துடைத்துக்கொண்டார். சுண்ணாம்பு போகவில்லை. கையில் இருந்ததும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது.