அறுக்கவில்லை, அவிழ்த்தேன்

லேத் என்கிற கடைசல் இயந்திரத்தின் பக்கத்தில் போகிறவர்கள் உடம்பில் மோதிரம், வளையல், சங்கிலி, கடிகாரம் எதுவும் போட்டிருக்கக் கூடாது. முடியை அவிழ்த்து விடக் கூடாது. முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள், சொன்னதோடு விடவும் இல்லை. எங்களுக்குப் பட்டறைப் பாடம் எடுத்த மலாய்ப் பெண்மணியை நாங்கள் 'புவான்' என்று கூப்பிடுவோம். அவர் ஒரு நீளக் குச்சியின் நுனியில் தையல் நூலைக் கட்டி, ஓடுகிற இயந்திரத்தின் சக்கின் மேல் தொங்கவிட்டார். சக் என்பது இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற வாய். நூல் பட்டது, காணாமல் போனது. குச்சி கையை விட்டுப் பறந்தது. "இது குச்சி. அடுத்தது உங்க விரல்" என்றார்.

எனக்கு முப்பத்தாறு வயது. ஈப்போவில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக இருந்தேன். எங்கள் லைனை மூடிவிட்டார்கள். வேறொரு தொழிற்சாலையில் டெக்னீஷியனுக்கு உதவியாள் வேலை இருக்கிறது, ஆனால் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் சனிக்கிழமைதோறும் இந்தக் கல்லூரி. கணினி இயந்திரங்கள் வருவதற்கு முன்னால் இரும்பை எப்படி அராவினார்கள், கடைந்தார்கள், வார்த்தார்கள், ஒட்டினார்கள் என்பதுதான் பாடம். பிள்ளைகள் படிக்க வேண்டிய பாடத்தை நான் ஏன் படிக்கிறேன் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். சோறு திங்கத்தான் என்றேன்.

கடைசல் தேர்வு ஒரே ஒரு முறைதான். தவறவிட்டால் அடுத்த குழுவோடு திரும்பப் படிக்க வேண்டும். அந்த வேலை அதுவரை எனக்காகக் காத்திருக்காது.

தேர்வுக்கு மறுநாள் தைப்பூசம். என் இடது கையில் காப்பு.

அது என் மகளுக்காகக் கட்டியது. அவளுக்கு வலிப்பு. முதல் தடவை பாசாரில் காய்கறிக் கடை முன்னால் விழுந்தாள். ஒரு கையால் தலையைத் தாங்கி, இன்னொரு கையால் உடம்பை ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். அதைக்கூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. சுற்றி நின்றவர்களில் ஒருவர் இரும்புச் சாவியைக் கையில் வை என்றார். மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். அது குறைத்தது, நிறுத்தவில்லை. போன வருஷம் பால்குடம் எடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. மாத்திரையாலா, முருகனாலா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இரண்டையும் விடமாட்டேன். இந்த வருஷமும் விரதம் இருந்து, செமோர் பக்கத்தில் நாங்கள் இருந்த பழைய தோட்டத்துக் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டேன். மஞ்சள் தோய்த்த நூல், மூன்று முடிச்சு. பாலை ஊற்றி முடிக்கும்வரை அது கையை விட்டு இறங்கக் கூடாது.

தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை புவான் அதைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன?"

"சாமிக் கயிறு. எடுக்க முடியாது."

"அப்ப மெஷினைத் தொட முடியாது."

"ஒரு வாரம் தேர்வைத் தள்ளி வைங்க, புவான்."

"தேர்வுக்கு அடுத்த வாரம் பட்டறை வேற வகுப்புக்கு. தாக் போலே லா, முடியாது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "உங்க தலையில இருக்கிற தூடோங் மட்டும் துணி இல்லையா? அது மாட்டாதா?" என்று கேட்டுவிட்டேன். பட்டறையில் அத்தனை பேரும் அராவுவதை நிறுத்தினார்கள். அந்தப் பெண்மணி தன் வேலை உடுப்பின் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கினார். தலைத்துணியின் முனை முழுக்க உள்ளே செருகி, ஊசி குத்தி, அதன் மேல் உடுப்பை மூடியிருந்தார். "வெளியில ஒரு விரல் அளவு தொங்கினா, என்னை நானே வெளியில அனுப்பிடுவேன்" என்றார். பிறகு என் மேல் இரக்கப்பட்டு, "கால்ல கட்டிக்க. பூட்ஸுக்குள்ள. யாருக்கும் தெரியாது" என்றார்.

என் பக்கத்து மேசைக்காரர் சிம்பாங் பூலாயில் கல்லுடைக்கும் இடத்தில் லாரி ஓட்டியவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். அவருக்கு இருமல் வந்துவிட்டது. "ஐயோ தங்கச்சி, கால்லயா! முருகன் மயில விட்டு இறங்கி வந்து உதைப்பாரு!" என்றார். நானும் சிரித்துவிட்டேன். புவானுக்குப் புரியவில்லை. லாரிக்கார அண்ணன் அதை மலாயில் விளக்கப் போய், சாமிக்கும் காலுக்கும் என்ன சண்டை என்பதில் மாட்டிக்கொண்டார். கடைசியில் என்னிடம் திரும்பி, "கறுப்பு டேப்பைச் சுத்திட்டு மேல சட்டைக் கைய இழுத்து விடு. சாமியும் இருக்கும், பாஸும் ஆயிடலாம்" என்று காதோரம் சொன்னார்.

"நூல் மேல டேப் ஒட்டினா நூல் இல்லாம போயிடுமாண்ணே?"

"கோச்சுக்காத லா. வழி சொன்னேன்."

அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. விரதத்தால் இல்லை. வீட்டில் மாமியாரிடம் சொன்னேன். அவர் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே, "அறுத்துட்டு அப்புறம் பிள்ளைக்கு வந்தா, அந்தப் படிப்பு வந்து பிடிக்குமா?" என்றார். பிள்ளை அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. "பிள்ள முன்னால பேசாதீங்க அத்தை" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் லூமுட்டுக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். போனில் கேட்டால், "நீயே யோசிச்சு செய்" என்றார். அதற்கு ஒரு புருஷனா?

தேர்வு நாள் வந்தது. நான் இன்னும் முடிவு செய்யவில்லை. கைப்பையில் கறுப்பு டேப் வைத்திருந்தேன். இயந்திரங்கள் ஓட ஆரம்பித்தன. வெட்டுகிற இடத்தில் ஊற்றும் எண்ணெய்த் தண்ணீர் ரப்பர்ப் பால் மாதிரி வெள்ளையாக ஓடியது. என் முறை வரும்வரை மற்றவர்களின் இடது கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புத் துண்டின் விளிம்பை அரத்தால் தேய்க்கும்போது சக்குக்கு நெருக்கமாகப் போவது இடது கைதான். பெண்களுக்குக் காப்புக் கட்டுவதும் இடது கையில்தான்.

ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தபோது இரும்புச் சுருள் ஒன்று சக்கில் மாட்டி, சாட்டை மாதிரி ஒரு சுற்று சுற்றி வந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாசாரில் என் மகள் விழுந்து கிடந்ததுதான் எனக்குக் கண் முன்னால் வந்தது. தலைக்கு ஒரு கை, உடம்புக்கு ஒரு கை. ஒரே கையை வைத்துக்கொண்டு அவளை எப்படித் திருப்புவேன்? அதைச் சாமியிடமே கேட்டேன், மரியாதை இல்லாமல்தான் கேட்டேன்.

நேராகப் புவானிடம் போனேன். "அறுக்கிறேன்" என்றேன்.

"யாரு அறுக்கச் சொன்னது?" என்றார். "புக்கா. புக்கான் போத்தோங்." அவிழ், வெட்டாதே. போன வாரம் காலில் கட்டிக்கொள்ளச் சொன்னபோதும் அவர் சொன்னது அதுதான். என் காதில்தான் அறுப்பதாக விழுந்திருக்கிறது. இரும்பில் கோடு கீறுகிற ஊசியைக் கொண்டுவந்து, என் கையை மேசையில் வைத்து, முடிச்சை ஒவ்வொன்றாக நெம்பினார். மூன்றாவது முடிச்சு வியர்வையில் இறுகிக் கிடந்தது. அவர் பொறுமையாக இருந்தார். எனக்குத்தான் பொறுமை இல்லை.

நூலை யாரிடம் கொடுப்பது? பக்கத்து மேசை அண்ணனிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம் தங்கச்சி, காலையில கோழி வச்சு நாசி லெமா சாப்பிட்டேன். பாவத்த என் தலையில கட்டாத!"

"நான் புவாசா" என்றார் புவான். போன நோன்பில் விட்டுப்போன நாட்களுக்காக அன்று நோன்பு இருந்தார். "தண்ணிகூடக் குடிக்கல. நான் வச்சுக்கலாமா?"

நூலை ஒரு சுத்தமான காகிதத்தில் மடித்து, நெஞ்சுப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

நான் கடைந்தேன். முகப்பைச் சீவினேன், விட்டத்தைக் குறைத்து இரண்டு படி எடுத்தேன், விளிம்பைத் தேய்த்தேன். மணிக்கட்டில் நூல் இருந்த இடம் மஞ்சளாக, வெறுமையாக இருந்தது. ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை எடுத்தேன். இயந்திரம் நின்றதும் கைப்பைக்கு ஓடிப்போய்ப் போனைப் பார்த்தேன். வீட்டிலிருந்து அழைப்பு இல்லை. அளவுகள் சரி என்று புவான் சொன்னது அதற்குப் பிறகுதான் காதில் ஏறியது.

ஒரு கையால் முடிச்சுப் போட முடியாது. நூலைப் புவானே திரும்பக் கட்டிவிட்டார். பாரம் கட்டுகிற முடிச்சு மாதிரி இறுக்கிக் கட்டினார்.

மாமியார் வாசலிலேயே என் கையைப் பார்த்தார். "முடிச்சு மாறியிருக்கே. அறுத்துட்டியா?"

"அறுக்கல. அவிழ்த்தேன், கட்டினேன்."

"யாரு கட்டினா?"

"விரதத்துல இருந்தவங்கதான் கட்டினாங்க." அது பொய் இல்லை. அதற்கு மேல் அவர் கேட்கவும் இல்லை.

மறுநாள் பால்குடம் எடுத்தேன். வெயில், கூட்டம், உறுமிச் சத்தம். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். பாலை ஊற்றிய பிறகு காப்பு இறக்க வரிசையில் நின்றேன். பண்டாரம் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார். "யாரும்மா இப்படிக் கட்டினது, லாரிக்குக் கட்டின மாதிரி?" என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தட்டில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து நறுக்கென்று வெட்டினார்.

"ஐயா! அறுத்துட்டீங்களே!"

"அதெல்லாம் ஒன்னும் இல்லம்மா. நகருங்க."

அவருக்கு ஒன்றும் இல்லைதான். ஒரு வாரம் வயிற்றில் நெருப்போடு இருந்தவள் நான். அந்த இடத்திலேயே அவரைத் திட்டியிருப்பேன். மகள் பக்கத்தில் நின்றதால் விட்டேன். வெட்டின நூலைக் கீழே போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அங்கேயும் ஒரு கடைசல் இயந்திரம் இருக்கிறது. மகளுக்கு இதுவரை ஒன்றும் இல்லை. மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கிறேன். ஆனால் அடுப்படியில் அவள் கையிலிருந்து கரண்டி விழுந்தால், அவள் அதைக் குனிந்து எடுக்கும் சத்தம் கேட்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை.