பனிக்கு ரெண்டு சுழி

தம்பி பெண்டாட்டி கையை உடைத்துக்கொண்டாள் என்று போன் வந்தபோது நாத்தனாருக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். பனி உறைந்து கண்ணாடியாகக் கிடக்கிற படியில் எவளாவது பராக்குப் பார்த்துக்கொண்டு இறங்குவாளா? இவள் இறங்குவாள். கதை எழுதுகிறவளுக்குக் கால் ஒரு இடம், கண் ஒரு இடம். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தலை சீவ, ஸ்வெட்டர் மாட்ட, பால் பாக்கெட் வெட்ட, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். பிள்ளை குட்டி கிடையாது. புருஷன், அதாவது நாத்தனாரின் தம்பி, போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். வேறு யார் இருக்கிறார்கள்? நாத்தனார் தன் தையல் கடையைப் பூட்டி, சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

போகிற வழியெல்லாம் அவள் தனக்குள் சொல்லிக்கொண்டது ஒன்றுதான். செய்ய வேண்டியதைச் செய்வது, வாயைத் திறக்கக் கூடாது. ஏனென்றால் வாயைத் திறந்தால் அது வந்துவிடும். தம்பி போன அன்று கொட்டுகிற பனியில் விழுந்தடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாளே, அறைக் கதவைத் திறந்ததும் என்ன பார்த்தாள்? தம்பி கண்ணை மூடிக் கிடக்கிறான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து, இவள் எழுதிக்கொண்டிருக்கிறாள். அன்று ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. ஆனால் நெஞ்சில் தைத்த முள் தைத்ததுதான். தம்பி பெண்டாட்டி என்று சொல்வதைக்கூட விட்டுவிட்டு, அன்றிலிருந்து அவளைக் ‘கதைக்காரி’ என்றே சொல்ல ஆரம்பித்தாள்.

கதைக்காரியின் வீடு மாடியில், சமையலறையும் ஒரு அறையும். குளிர்காலம் வந்தால் அந்த அறையை மூடிவிட்டுச் சமையலறையிலேயே குடித்தனம், அடுப்புச் சூட்டுக்காக. ஜன்னல் இடுக்கில் காற்று வராமல் இருக்கத் தடித் தடிப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தால் எல்லாம் அவளே எழுதின நாவல், விற்காமல் திரும்பி வந்தவை. நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டதற்கு, “என் புத்தகம் குளிருக்கு நல்லா தாங்கும் அண்ணி,” என்றாள் கதைக்காரி. முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. இந்தப் பதிலை நாத்தனார் எதிர்பார்க்கவில்லை.

கதைக்காரியின் நாளும் பொழுதும் எப்படிப் போகும் என்று கேட்டால், ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற நேரத்தில் எழுந்துவிடுவாள். தேநீர் போட்டு, விரல் நுனி வெட்டின கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் மதியம் வரை எழுத்து. எழுதுகிற பேனா ஒரு பழைய மைப்பேனா. காகிதத்தில் வைத்தால் கோழி குப்பையைக் கிளறுகிற மாதிரி சத்தம் போடும். மதியத்துக்கு மேல் தெருக்கோடியில் இருக்கிற கிளை நூலகத்தில் வேலை. சாயங்காலம் வந்து, காலையில் எழுதினதை வாய்விட்டுப் படித்து, பாதியை அடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான்.

இதில் தம்பிக்கும் ஒரு பங்கு இருந்தது. பஸ் டிப்போவில் மெக்கானிக் அவன். ஆனால் உயிர் எல்லாம் கிளாரினெட்டில். வேலைக்குப் போவதற்கு முன்னால் மூடின அறைக்குள் நின்று தினமும் ஒரே பயிற்சிப் பாட்டை வாசிப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் அது கேட்டால்தான் இந்தப் பக்கம் இவளுக்குப் பேனா ஓடும். அவனுக்கு ஒரு இடத்தில் மூச்சு பத்தாது. மேல் ஸ்வரத்துக்கு ஏறுவதற்கு முன்னால் ஒரு கணம் தடுக்கி நின்று, பிறகுதான் ஏறுவான். எத்தனை வருஷம் வாசித்தாலும் அந்தத் தடுக்கல் மட்டும் போகவே இல்லை.

இப்போது அறையும் பூட்டிக் கிடந்தது, கையும் மாவுக்கட்டில் கிடந்தது. அவனைப் போலவே கிளாரினெட் வாசிக்கிற ஒருவனைப் பற்றி அவள் எழுதிக்கொண்டிருந்த நாவலில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. குளிர் முடிவதற்குள் அதை முடித்தாக வேண்டும். பதிப்பாளர் அவசரப்படுத்தியதால் அல்ல. அவளுக்குக் குளிரில்தான் எழுத்து வரும். ஒரு தடவை ஒரு நாவலை வெயில் காலத்துக்குத் தள்ளிவைத்தாள், அது அப்படியே செத்துப்போனது. எவ்வளவோ தட்டி எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. இதுவும் அப்படிப் போய்விட்டால் அவரை இரண்டாம் தடவை அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும் என்று சொன்னாள். சொல்லும்போது கண்ணைத் துடைக்க இடது கையைத்தான் எடுத்தாள், கண்ணாடி வேறு குறுக்கே வந்தது. நாத்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டாள். மாட்டிவிட்ட கையோடு, நீ சொல்லு, நான் எழுதுகிறேன் என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

சொன்னால் போதுமா? வார்த்தை வர வேண்டாமா? பல நாள் காலையில் கதைக்காரி மேஜை முன்னால் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் பேனாவைத் திறப்பாள், மை காயும், மூடுவாள். ரேடியோவில் ஏதாவது வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையாட்டினாள். தெருவில் பனியை வழிக்கிற மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். இப்படியே போனால் குளிர் முடிந்துவிடும் என்று நாத்தனாருக்கே கவலை பிடித்துக்கொண்டது. யாருடைய நாவலோ, இவளுக்கு ஏன் அந்தக் கவலை? வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை, சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நாத்தனார் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்க்கும்போது எதையாவது முணுமுணுப்பது அவள் வழக்கம். அன்று வாயில் வந்தது தம்பியின் பயிற்சிப் பாட்டு. சின்ன வயதில் ஒரே அறையில் படுத்து, அவன் வாசிப்பதைத் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு கேட்டு வளர்ந்தவள் அல்லவா? அவன் தடுக்குகிற இடத்தில் அவளும் தடுக்கித்தான் ஏறினாள். அப்படித்தான் அந்தப் பாட்டே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

முதுகுக்குப் பின்னால் கதைக்காரி ஒரு வாக்கியம் சொன்னாள். பிறகு இன்னொன்று. நாத்தனார் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து பேனாவை எடுத்தாள்.

அன்றிலிருந்து மேஜையில் இரண்டு பேர். நாத்தனார் எழுத்து பெரிசு பெரிசாக, தெளிவாக இருக்கும். ஒரே ஒரு கோளாறு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ன, ண இரண்டும் அவளுக்குச் சத்தத்தில் ஒன்றுதான். ஆகவே வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, ரெண்டு சுழியா மூணு சுழியா என்று கேட்பாள். மனம் ரெண்டு சுழி, மணம் மூணு சுழி. கதைக்காரி ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல் சொல்வாள். பனி வந்தபோது, “பனிக்கு ரெண்டு சுழி அண்ணி, நம்ம ரெண்டு பேர் மாதிரி,” என்றாள். அந்த நாவலில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நாத்தனார் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் எழுதினாள்.

சும்மா சொல்லக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அது என்ன வேலை என்று நாத்தனாருக்குப் புரிந்தது. கதை என்றால் வாய்க்கு வந்ததை அளப்பது என்றல்லவா நினைத்திருந்தாள்? இவள் ஒரு வாக்கியத்தைச் சொல்வாள், கண்ணை மூடிக் கேட்பாள், அடிக்கச் சொல்வாள். அதையே வேறு மாதிரி சொல்வாள், மறுபடி அடிக்கச் சொல்வாள். காலையெல்லாம் உழைத்து ஒரு பத்தி நிற்கும், மறுநாள் அதுவும் போகும். நாத்தனாருக்கு ரவிக்கை பிரித்துத் தைப்பது தெரியும். ஆனால் யாரும் குறை சொல்லாத ரவிக்கையைத் தானாகப் பிரிக்கிறவளை அவள் பார்த்ததில்லை. அடேயப்பா, இவ்வளவு பிடிவாதமா இந்த ஒல்லி உடம்புக்குள் என்று தோன்றியது.

மதியம் அவளை வழுக்காமல் கைப்பிடித்து நூலகத்துக்குக் கூட்டிப்போவதும் நாத்தனார்தான். கதைக்காரி இடது கையால் முத்திரை குத்துவாள், பாதி கோணலாக விழும். ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனாரிடம் ஒரு நாள் ஒரு நர்ஸ், இந்த அம்மா எழுதின புத்தகத்தைக் குளிர் வந்தால் எடுத்துப் படிப்பது தன் வழக்கம் என்று சொன்னாள். நாத்தனாருக்குப் பெருமை பிடிபடவில்லை. நான்தான் இப்போது எழுதிக்கொடுக்கிறேன் என்று சொல்லியும் விட்டாள். தான் அவற்றில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை என்பதைச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஜன்னல் இடுக்கிலிருந்து ஒன்றை உருவிப் படிக்க ஆரம்பித்தாள், காற்று உள்ளே வந்தாலும் பரவாயில்லை என்று.

கடைசி அத்தியாயத்தில் கிளாரினெட்காரன் சாகிற இடம் வந்தது. கதைக்காரி அன்று வேகமாகச் சொன்னாள், எதையும் அடிக்கச் சொல்லவில்லை. நாத்தனாரும் தலை நிமிராமல் எழுதினாள். எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டு இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்த கதைக்காரி ஒரு வரியில் விரலை வைத்தாள். “அவர் போன அன்று பகல் முழுக்கப் பனி நிற்கவில்லை” என்று அவள் சொல்லியிருந்தாள். காகிதத்தில் “பகல் முழுக்கப் பணி நிற்கவில்லை” என்று இருந்தது. மூன்று சுழி, தெளிவாக, பெரிசாக.

“எல்லாத்துக்கும் கேட்டீங்களே அண்ணி,” என்றாள் மெதுவாக. “இதுக்கு மட்டும் ஏன் கேக்கலை?”

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். எழுதினது தெரியாமல்தான். ஆனால் பார்த்ததும் அது தன் கைக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் பூட்டிவைத்த வாய் அன்றைக்குத் திறந்துகொண்டது.

“நிக்கலையே. உன் வேலை அன்னிக்குக்கூட நிக்கலையே. நான் கண்ணால பாத்தேன். என் தம்பி அங்க கிடக்கிறான், நீ உக்காந்து எழுதிக்கிட்டு இருக்கே. என்னடி எழுதினே அன்னிக்கு?”

கதைக்காரி அழுவாள், இல்லை எழுந்து போவாள் என்று நாத்தனார் நினைத்தாள். அவள் இரண்டும் செய்யவில்லை. மேஜையில் இருந்த பேனாவை இடது கையால் எடுத்து, ஒரு காகிதத்தில் கன்னாபின்னாவென்று கிறுக்கினாள். கர் கர் என்று கோழி கிளறுகிற சத்தம் வந்தது.

“இந்தச் சத்தம் அவருக்குக் கேக்கணுமாம். சரியாப் பேச முடியலை, மூச்சு வாங்குது. சைகையில எழுதச் சொன்னார். ‘நீ எழுதற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டாதான் எனக்கு வாசிப்பே வரும்’னு அப்பதான் சொல்றார். ஒவ்வொரு வார்த்தையா, மூச்சு விட்டு விட்டு. நான்தான் அவர் வாசிக்கிறதைக் கேட்டு எழுதறேன்னு இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன். நிறுத்தினா கண்ணைத் திறந்து பாப்பார். அதனால நிறுத்தலை. என்ன எழுதினேன்னு கேக்காதீங்க அண்ணி. அதுல ஒரு வார்த்தைகூட வார்த்தை இல்லை.”

 நாத்தனார் அந்த ஆஸ்பத்திரி அறைக்கதவைத் திறந்த நேரத்தை மனசுக்குள் மறுபடி திறந்து பார்த்தாள். தம்பி கண்ணை மூடிக் கிடந்தான், ஆமாம். முகம் எப்படி இருந்தது? சின்ன வயதில் பாட்டு வாசித்து முடித்துப் படுக்கிறபோது இருக்குமே, அப்படித்தான் இருந்தது. அன்று அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை, இவள் கையைத்தான் பார்த்தாள்.

“மன்னிச்சுக்கம்மா,” என்றாள். எழுந்து அவள் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவை எடுத்து, ஒரு சுழியை அடிக்கப் போனாள்.

“விடுங்க,” என்றாள் கதைக்காரி. “மூணு சுழிதான் சரி. எனக்கே தோணலை பாருங்க.”

நாவல் முடிந்த அன்று கூரை விளிம்பிலிருந்து முதல் சொட்டு நீர் விழுந்தது. மாவுக்கட்டைப் பிரித்தார்கள், கை சூம்பிப் போயிருந்தாலும் பேனா பிடித்தது. நாத்தனார் நாளைக்குக் கிளம்புகிறேன், நாளைக்குக் கிளம்புகிறேன் என்று தினமும் சொன்னாள், கிளம்பவில்லை. தையல் கடைக்காரிக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் வாடிக்கையாளர்களிடம் புளுகிக்கொண்டிருந்தார்.

அச்சகத்திலிருந்து திருத்தின பக்கங்கள் வந்தபோது கதைக்காரி நூலகத்தில் இருந்தாள். நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி அத்தியாயத்தைத் தேடி எடுத்து, விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனாள். அந்த வரி வந்தது. யாரோ புண்ணியவான் சிவப்பு மையில் மூன்று சுழியை அடித்து ரெண்டு சுழி போட்டிருந்தான். உறையில் இருந்த எண்ணுக்கு உடனே போன் போட்டாள். பிழை திருத்துகிறவர் மரியாதையாகத்தான் பேசினார். சுற்றிலும் பனியைப் பற்றியே வருகிறது, எழுதின அம்மாவே கவனிக்காமல் விட்டுவிட்டார்கள், வாசகர்கள் சிரித்துவிடுவார்கள் என்று விளக்கினார். அவர் பேசி முடிக்கும்வரை நாத்தனார் பொறுமையாகக் கேட்டாள். அவள் வாழ்நாளில் அது பெரிய விஷயம்.

“பனிக்கு ரெண்டு சுழின்னு எனக்கும் தெரியும் சார்,” என்றாள். “இது பனி இல்லை. என் தம்பி கடைசியா கேட்டது. அதுல கை வைக்காதீங்க.”

 சரிம்மா என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது, கூடவே காகிதத்தில் பேனா கீறுகிற சத்தமும். அது நிற்கும்வரை நாத்தனார் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.